ஆறாம் மேஜையில் ஒன்றுமில்லை

அந்தச் சாப்பாட்டுக் கடையில் முப்பத்தோரு வருஷமாகச் சர்வராக இருந்தவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். சொந்தப் பெயரை அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவாள். நாற்காலி இழுபடும் சத்தத்தை வைத்தே, வந்தவர் எழுந்து போகும்போது மேஜையில் என்ன வைத்துவிட்டுப் போவார் என்று சொல்லிவிடுவார். சமையல்கட்டுக்குள் நின்றபடியே சொல்லுவார். மழை நாளில் இடி இடிக்கும்போதுகூடச் சொன்னார் என்று கல்லாவில் உட்காரும் முதலாளி சத்தியம் செய்வார்.

டிப்ஸ் என்பது தராசுக்குக் காசே இல்லை, வாக்குமூலம். சில்லறையை எண்ணி எண்ணி வைப்பவன் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டிருப்பான். கூட வந்தவள் பார்க்கும்போது வைத்துவிட்டு, அவள் திரும்பியதும் பாதியை எடுத்துக்கொள்பவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாரையும்விடப் பெரிய நோட்டு வைப்பவன்மேல்தான் சந்தேகம் அதிகம். "தப்புப் பண்ணாதவன் எதுக்குய்யா இவ்வளவு வைக்கிறான்?" என்பார். ஒருமுறை அப்படி வைத்துவிட்டுப் போனவனை மறுநாள் காலையிலேயே போலீஸ் பிடித்தது. இன்னொருவர் ஏதோ ஞாபகத்தில் காசுக்குப் பதிலாகத் தன் பல்செட்டை வைத்துவிட்டுப் போனார். தராசு அதைக் காகிதத்தில் பொதிந்து மூன்று நாள் வைத்திருந்து, "இதிலயும் ஏதோ விஷயம் இருக்கு" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு திங்கட்கிழமை மகள் வந்து நின்றாள். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் வேலை அவளுக்கு.

"அப்பா, ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். வெளிநாட்டில இருக்கார், லீவுக்கு வந்திருக்கார். ஞாயிற்றுக்கிழமை பிளேன். அதுக்குள்ள நீங்க சரின்னு சொல்லணும்."

"என்ன வேலை?"

"ஓட்டல் துறை."

"வேலையைக் கேட்டா வேலையைச் சொல்லணும். துறைன்னு சொல்றவன் எதையோ போர்வை போட்டு மூடுறான்."

"ஆரம்பிச்சுட்டார்" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. "குழம்பில உப்பு குறைஞ்சதுக்கே காலையிலேர்ந்து காரணம் தேடிட்டிருக்கார் மனுஷன்."

தராசு அசையவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டு வராதே. அடுத்தவன் வீட்டில எல்லாருமே நல்லவங்கதான். என் மேஜைக்கு அனுப்பு. ஆறாம் நம்பர். நான் யாருன்னு மூச்சு விடக்கூடாது."

"அவர் வைக்கிற டிப்ஸைப் பார்த்து என் வாழ்க்கையை முடிவு பண்ணப் போறீங்களா?"

"வேற எதைப் பார்த்து முடிவு பண்றதாம்? மூஞ்சியையா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியைப் பார்த்தாள். "சரி, சொல்லலை" என்றாள் மகள். "ஆனா சரியில்லைன்னு சொன்னீங்கன்னா, ஏன்னு எனக்குச் சொல்லியாகணும்."

புதன்கிழமை மத்தியானம் அவன் வந்தான். ஆறாம் மேஜை ஜன்னலோரம், தெரு தெரிய இருக்கும். கடையிலேயே வரும்படி அதிகம் உள்ள மேஜை அதுதான். பதினோரு வருஷமாக அது தராசின் சொத்து. வந்தவன் நாற்காலியை இழுக்கவில்லை. தூக்கி வைத்து உட்கார்ந்தான். சத்தமே இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒருத்தன் காதுக்கு ஒன்றுமே கொடுக்காமல் ஏமாற்றியதில்லை.

சோதனை ஆரம்பமானது. கேட்ட சூப்புக்குப் பதில் வேறு சூப்பைக் கொண்டுபோய் வைத்தார். அவன் குடித்தான். மீனை வேண்டுமென்றே ஆறவைத்துக் கொடுத்தார். சாப்பிட்டான். தண்ணீர் ஊற்றும்போது கை தவறியதுபோல் அவன் முழங்கையில் ஊற்றினார்.

"பரவாயில்லை அண்ணே, வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு."

கோபமே வரவில்லையே! இவ்வளவு பொறுமை ஒருத்தனுக்கு இயற்கையாக இருக்காது. எங்கோ பயிற்சி எடுத்திருக்கிறான். ஒவ்வொரு முறை தராசு சமையல்கட்டுக்கும் மேஜைக்கும் நடந்தபோதும் அவன் கண்கள் அவரது கால்களைத் தொடர்ந்ததையும் அவர் கவனித்தார். ஷூவைப் பார்த்து ஆளை மதிப்பிடுகிறானோ?

சாப்பிட்டு முடித்ததும் அவன் தட்டுகளை அடுக்கினான். பெரியது அடியில், சின்னது மேலே, ஸ்பூன்களின் பிடியெல்லாம் சர்வரின் கைப்பக்கம். கை துடைக்க வைத்திருந்த துண்டால் மேஜையை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒரே வீச்சு. தராசுக்குத் தலையில் விளக்கெரிந்தது. வாடிக்கையாளன் எவனும் இப்படி அடுக்கமாட்டான். இவன் சர்வர். துறையாம் துறை!

பில்லைக் கல்லாவிலேயே கட்டிய அவன், முதலாளியின் காதோடு ஏதோ பேசினான். பேசியபடியே திரும்பி, தராசைக் கைகாட்டினான். பிறகு போய்விட்டான்.

தராசு மேஜைக்கு ஓடினார். சாஸரைத் தூக்கினார். பூச்சாடியைத் தூக்கினார். துண்டை உதறினார். முட்டி வலியோடு குனிந்து மேஜைக்கு அடியிலும் பார்த்தார். ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை, தராசை ஜன்னலோரத்திலிருந்து மாற்றிவிட்டார் முதலாளி. "இனிமே சமையல்கட்டை ஒட்டின நாலு மேஜையைப் பார்த்துக்கோ" என்றார். தராசு காரணம் கேட்கவில்லை. அதுதான் தெரிந்த கதையாயிற்றே.

அன்று வீட்டில் தீர்ப்பு வந்தது. "வேண்டாம். கஞ்சன், பொய்யன், கோள்மூட்டி. மேஜைக்கு அடியில குனிஞ்சுகூடத் தேடிட்டேன், ஒரு காசு இல்லை. முதலாளிகிட்ட என்னைப் பத்திச் சொல்லி என் மேஜையையும் பறிச்சுட்டான். மூணும் ஒரே மத்தியானத்தில!"

"அவர் இருக்கிற ஊர்ல டிப்ஸ் வைக்கமாட்டாங்கப்பா. வச்சா அவமானமாம். யாராவது மேஜையில காசை விட்டுட்டுப் போனா, மறந்துட்டீங்கன்னு சர்வர் தெருவில ஓடிப்போய்த் திருப்பிக் கொடுப்பாராம்."

"காசைத் திருப்பிக் கொடுக்க ஓடுற சர்வரா? யார் காதுல பூ சுத்துறே?"

"நம்பாட்டிப் போங்க."

"சரி, அதை விடு. அவன் சர்வர்தானே? அதை ஏன் மறைச்சான்?"

"அவர் மறைக்கலை. துறைன்னு சொன்னது நான். உங்களுக்குக் கால் வீங்கியிருந்தப்போ, நான் எண்ணெய் தேய்ச்சுவிட்டேனே, அன்னைக்கு என்ன சொன்னீங்க? எவன் வந்தாலும் வரட்டும், சர்வருக்கு மட்டும் பொண்ணைக் கொடுக்கமாட்டேன்னு சொன்னீங்க. அதான்."

தராசு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனார். நான்கு மேஜையும் சமையல்கட்டை ஒட்டியே இருந்ததால், அன்று முழுக்க நடந்தும் இடது முட்டி வலிக்கவில்லை என்பதை அவர் இரவு ஷூவைக் கழற்றும்போதுதான் கவனித்தார். அதுவும் சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை காலை முதலாளியிடம் போய் நின்றார். "அன்னைக்கு அந்தப் பையன் என்னைப் பத்தி என்ன புகார் சொன்னான்?"

"புகாரா? இந்தக் கடைக்கே உசிரு அந்த அண்ணன்தான்னான். கூட்டத்தில ஒரு துளி சிந்தாமத் தட்டைக் கொண்டுவர்றவர், என் மேல மட்டும் தண்ணி ஊத்தினார்னு சிரிச்சான். அப்புறம், இடது கால்ல பாரம் போடாம நடக்கிறார், கிச்சன் பக்கத்து மேஜையைக் கொடுங்க, இன்னும் பத்து வருஷம் ஓடுவார்னான். அவங்க ஊர்ல நல்ல சர்வரைப் பார்த்தா முதலாளிகிட்ட சொல்லிட்டுத்தான் போவாங்களாம். முப்பத்தோரு வருஷமா நானே பார்க்கலைய்யா உன் காலை."

தராசு போய்த் தண்ணீர்க் குவளைகளைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

அன்று மத்தியானம் அவன் வந்தான். ஜன்னலோரம் போகாமல் நேரே சமையல்கட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்தான். கேட்ட சூப்பே வந்தது. மீன் ஆவி பறந்தது. தண்ணீர் டம்ளரிலேயே விழுந்தது. அவன் எழுந்து போனபின் தராசு சாஸரைத் தூக்கினார். அடியில் மடித்த நோட்டு ஒன்று. பெரிய நோட்டு.

முப்பத்தோரு வருஷத்தில் தராசு எந்த வாடிக்கையாளர் பின்னாலும் ஓடியதில்லை. அன்று ஓடினார். மேலங்கியோடு, தோளில் துண்டோடு, பழக்கடையைத் தாண்டி, செருப்புத் தைப்பவரைத் தாண்டி, பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு. தெருவே திருடனைத் துரத்துகிறார் என்று நினைத்து வழிவிட்டது.

"தம்பி! மறந்துட்டீங்க!"

அவன் நின்றான். நீட்டிய நோட்டைப் பார்த்தான், அவர் முட்டியைப் பார்த்தான். "அண்ணே, இந்தக் காலோட ஏன் ஓடி வந்தீங்க?"

"அண்ணன் இல்லை" என்றார் தராசு, மூச்சு வாங்க. "மாமா."

"தெரியும் மாமா. முதல் நாளே தெரியும். உங்க பொண்ணுக்கு இதே மூக்குத்தானே?"

தராசு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தெரிஞ்சுமா ஒண்ணும் வைக்காமப் போனீங்க?"

"மாமனாருக்கு எப்படி டிப்ஸ் வைக்கிறது?"

"அப்போ இன்னைக்கு மட்டும்?"

"மேஜைக்கு அடியில குனிஞ்சு தேடினீங்கன்னு அவ சொன்னா. முட்டி வலிக்குமேன்னு மேஜை மேலயே வச்சேன்."

தராசு நோட்டை அவன் சட்டைப்பையில் திணித்தார். பிறகு ஏதோ தோன்றி, அதைப் பாதி வெளியே இழுத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார்.

"அது சரி, இவ்வளவு பெரிய நோட்டா? உண்மையைச் சொல்லுங்க, என்ன தப்புப் பண்ணீங்க?"