ரவுட்டரோடு வந்த வீட்டுப் பெயர்

லிங்கராஜபுரத்தில் அந்த மாடி வீட்டுக்குச் சங்கமித்ரா குடிவந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பது நாளும் அவள் படியில் சத்தம் எழாமல்தான் ஏறி இறங்கினாள். சன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்தாள். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா மரகதம் பெயரைக் கேட்டபோது, "மித்ரா" என்று பாதியை மட்டும் சொன்னாள். முழுப்பெயரைச் சொன்னால், அந்தப் பெயரை யார் வைப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அவள் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வடஆற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்த குடும்பம். தாத்தா காலத்திலேயே பௌத்தத்தைத் தழுவியது. கணவன் மதியழகனுக்குப் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு வைட்ஃபீல்டில், காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒன்பது வயது மகள் பிரபா மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள்.

இந்த வீட்டுக்கு முன் நான்கு வீடு பார்த்தார்கள். மூன்றில், "தங்கவயலா? அங்கே எந்த லைன் வீடு? நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்தது. நான்காவது வீட்டில் சாமான் இறக்கும்போதே முடிந்தது. வண்டியிலிருந்து முதலில் இறங்கியது சட்டம் போட்ட அம்பேத்கர் படம். அதைப் பார்த்த வீட்டுக்காரர், தம்பி குடும்பம் ஊரிலிருந்து வருவதாகச் சொல்லி, முன்பணத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டார். பிரபா தன் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்ததைச் சங்கமித்ராவால் மறக்க முடியவில்லை. இப்போது அந்தப் படம் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே கிடந்தது. வாடகை ஒப்பந்தத்தில் மரகதத்தின் கணவர் எத்திராஜ் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை எப்படியாவது மூச்சுக் காட்டாமல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

அன்று வியாழக்கிழமை. அலுவலகம் மடிக்கணினி கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்யவும் சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. பதினொரு மணி முதல் பன்னிரண்டரை வரை இணைப்பைச் சோதிப்பார்கள். இடையில் ஒருமுறை அறுந்தாலும் சம்மதம் ரத்து. ரத்தானால் நாளும் நான்கு மணி நேரம் பேருந்தில் போக வேண்டும், பிரபா பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இணைப்புக் கொடுக்க வந்த லாயிட் அதே பேட்டைக்காரன். முப்பது வயதிருக்கும். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தி, கேபிளை உள்ளே இழுத்துவிட்டு, "ரவுட்டர் இருக்கா மேடம், புதுசு வேணுமா?" என்று கேட்டான்.

"பழசு இருக்கு. நல்லாத்தான் ஓடிச்சு" என்று அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தங்கவயல் வீட்டில் மதியழகன் வாங்கி வைத்தது அது. கொடுக்கும்போது அவளுக்கு எந்த யோசனையும் வரவில்லை.

லாயிட் சொருகினான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. தன் கைப்பேசியை உயரப் பிடித்துப் பார்த்தவன் சிரித்தான்.

"நம்ம தெருவுல வைஃபைக்குப் பேர் வெச்சிருக்கிறதப் பாருங்க மேடம். 'ஓசி கேக்காதே'ன்னு ஒண்ணு. 'மாமியார் கேமரா'ன்னு ஒண்ணு. 'ப்ரஹ்லாத் டாப் ஃப்ளோர்'. இன்னா டேஸ்ட்டு! ஆங், உங்களுது இதானே... அம்பேத்கர் இல்லம்?"

கதவு திறந்திருந்தது. அவன் குரல் படிக்கட்டு முழுக்க இறங்கியது.

சங்கமித்ரா அவன் கைப்பேசியை எட்டிப் பார்த்தாள். தங்கவயலில் அவர்கள் வீட்டு முகப்பில் மாமனார் நீல வண்ணத்தில் எழுதிவைத்திருந்த பெயர் அது. ரவுட்டர் வாங்கிய அன்று மதியழகன் அதையே இதற்கும் வைத்தான். படத்தை மறைத்தாள், பெயரைப் பாதியாக்கினாள். இந்தக் கையகலப் பெட்டியை மட்டும் மறந்துவிட்டாள்.

"இது... எல்லார் போன்லயும் தெரியுமா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பின்னே? முன்னாடி பின்னாடி நாலு வீடு, கீழ ஓனர் வீடு, எல்லாத்துலயும் காட்டும்."

"மாத்திடுங்க."

"உள்ள போற பாஸ்வேர்ட் சொல்லுங்க, மாத்தறேன்."

வைஃபை கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அமைப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் மதியழகனுக்கு மட்டுமே தெரியும். தொழிற்சாலை வாசலில் கைப்பேசியை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரம் வரை அவனைப் பிடிக்க முடியாது.

"ரீசெட் அடிக்கலாம் மேடம். ஆனா அடியில பாஸ்வேர்ட் போட்ட ஸ்டிக்கர் அழிஞ்சு கெடக்கு. அடிச்சிட்டு உள்ள போக முடியலன்னா வேற ரவுட்டர்தான், அது நாளைக்குத்தான் வரும்." லாயிட் திருப்புளியைப் பையில் போட்டான். "ஏன் மேடம், பேர் நல்லாத்தானே கீது?"

திறந்த கதவுக்கு முன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது? மணி பத்தே முக்கால். "சரி, இருக்கட்டும்" என்றாள். லாயிட் படியிறங்கும்போது கீழே மரகதத்திடம் என்னவோ பேசி நிற்பது கேட்டது. என்ன பேசினான் என்பதுதான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து அனுஷா அழைத்தாள். சோதனை தொடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடு அறுந்தால் வீட்டிலிருந்து வேலை என்பது போயிற்று. அது ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பெயர் சுவரைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அணைக்கவும் வழியில்லை, விடவும் மனமில்லை. கீழ்வீட்டுக் குக்கர் விசிலடித்தபோது தூக்கிவாரிப்போட்டது. மரகதம் பகலில் கைப்பேசியில் தொடர் பார்க்கிறவள். அவர்கள் வீட்டு இணைப்பு அடிக்கடி நின்றுவிடுவதாக நேற்றுதான் குறைப்பட்டுக்கொண்டாள். நின்றால் வேறு எது கிடைக்கிறதென்று பட்டியலைத் திறப்பாள். திறந்தால் கண்ணில் படும்.

பதினொன்றே முக்காலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "மித்ரா! ஏ மித்ரா!"

அவள் அசையவில்லை. ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மேடம், உங்க வாய்ஸ் நடுங்குதே. லைன் ப்ராப்ளமா?" என்றாள் அனுஷா.

"இல்லங்க. லைன் நல்லாத்தான் இருக்கு."

மறுபடி குரல் வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. குரல் நின்றுபோனது இன்னும் பயமாக இருந்தது. ஓசூருக்குப் போயிருந்த எத்திராஜைப் போனில் கூப்பிடுகிறாளோ என்னவோ. அட்டைப்பெட்டிகளை எல்லாம் பிரிக்காமலே வைத்திருக்கலாம் என்று நினைத்தாள். எந்தச் சாமானை முதலில் கட்டுவது என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது.

பன்னிரண்டரைக்கு, "பாஸ் ஆயிடுச்சு மேடம், கங்கிராட்ஸ்" என்றாள் அனுஷா. சங்கமித்ராவுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. உடனே மதியழகனை அழைத்தாள். இரைச்சலுக்கு நடுவே அவன் எடுத்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"பாஸ்வேர்ட் எங்கப்பாவோட சுரங்க டோக்கன் நம்பர்தான்" என்று எண்ணைச் சொன்னான். "மாத்திடு."

"என்னன்னு வைக்கிறது?"

"எதையாச்சும் வை." இயந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான். "வேற என்ன பண்றது, பாப்பா மறுபடி வண்டியில ஏறக் கூடாது. மாத்திடு மித்ரா."

அவன் வீட்டில் அவளை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பழைய பெயர் ஒரு சிறு கட்டத்துக்குள் நின்றது. எழுத்தெழுத்தாக அழித்து, 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்று தட்டி, சேமித்தாள். கணினி ஒருமுறை இணைப்பை இழந்து, புதுப்பெயரில் மறுபடி பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்தது.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. படியில் காலடிச் சத்தம். மரகதம், கையில் கைப்பேசியோடு வாசலில் நின்றாள்.

"எத்தினி வாட்டி கூப்பிட்டேன்! காதுல விழலையா?"

"ஆபீஸ் கால்ல இருந்தேன் ஆன்ட்டி."

"காலையில இதுல புதுசா ஒரு பேர் காட்டிச்சு. இப்போ காணோம். அது உங்களுதா?"

'தெரியாது, பக்கத்து வீடாயிருக்கும்' என்ற பதிலைச் சங்கமித்ரா காலையிலிருந்தே தயாராக வைத்திருந்தாள். பெயரும் இப்போது இல்லை. சொன்னால் யாரும் நிரூபிக்கப் போவதில்லை. நாக்கு நுனிவரை வந்த அந்தப் பொய்யோடு, மதியழகன் 'மித்ரா' என்று கூப்பிட்டதும் சேர்ந்து வந்தது. அவனும் தன்னைப் பாதியாக்கிவிட்டான்.

"எங்களுதுதான் ஆன்ட்டி" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல எங்க வீட்டுப் பேரு அது. என் முழுப்பேரு சங்கமித்ரா."

மரகதம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கே கேட்டேனேம்மா, எந்தப் பக்கம், என்ன குலதெய்வம்னு."

"நீங்க சுத்தி வளைச்சுக் கேட்டீங்க. நானும் சுத்தி வளைச்சே சொன்னேன். நேரா சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பீங்களா?"

மரகதம் கைப்பேசியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"அவரு குடுத்திருக்க மாட்டாரு" என்றாள். "நானு... தெரியலம்மா. சத்தியமா தெரியல." பிறகு குரலில் கடுகடுப்பு ஏறியது. "நானாப் போயி அவருகிட்ட சொல்லப் போறதில்ல. ஆனா கேட்டாருன்னா பொய் சொல்ல மாட்டேன். இந்த வயசுல எனக்கு எதுக்கு அது?"

"சரி ஆன்ட்டி."

"சரின்னா சரி." போகத் திரும்பியவள் நின்றாள். "எங்க நெட்டு காலையிலேர்ந்து சுத்திக்கிட்டே கெடக்கு. கதை பாதியில நிக்குது. அதுக்குத்தான் கூப்பிட்டேன். உங்களுதைக் கொஞ்சம் குடேன்."

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சங்கமித்ரா உள்ளே போனாள். பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. 'ஃபர்ஸ்ட் ஃப்ளோரை' அழித்தாள். பழைய பெயரைத் தட்டும்போது இரண்டு இடத்தில் பிழை விழுந்தது. திருத்திச் சேமித்தாள். வெளியே வந்து, "இப்போ பாருங்க" என்றாள்.

மரகதத்தின் கையில் அந்தப் பெயர் தெரிந்தது. அவள் விரல் அதன்மேல் சிறிது நேரம் தொடாமலே நின்றது. பிறகு அழுத்தினாள். சங்கமித்ரா கடவுச்சொல்லைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். இணைந்ததும் இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து தொடரின் அழுகைச் சத்தம் கேட்டது.

பிரபா வந்தாள், சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். படம் பீரோவுக்குள்ளேதான் இருந்தது. அதை எடுத்து மாட்டும் தைரியம் சங்கமித்ராவுக்கு இன்னும் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு வாசலில் எத்திராஜின் ஸ்கூட்டர் வந்து நின்றது. இரும்புக் கேட் கிறீச்சிட்டது. கீழே பேச்சுக்குரல் எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. அவள் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ரவுட்டரின் சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பச்சை விளக்குகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அணைக்கவில்லை.