காலியாக வந்த டப்பா

எங்கள் வீட்டில் வாரம் முழுக்க யார் என்ன சாப்பிடுவது என்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே முடிவாகிவிடும். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, அம்மா எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுவாள். திங்கள் கேரட் சாதம், செவ்வாய் கீரையும் பருப்பும், புதன் முட்டை, வியாழன் பீட்ரூட். அம்மா கொல்லிமலையில் கிராம நர்ஸ். காலையில் ஊசிப் பெட்டியோடு கிளம்பினால் மத்தியானம் எந்த ஊரில் இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா மலைக்கும் கீழுக்கும் போய்வரும் பஸ்ஸில் கண்டக்டர். பேளுக்குறிச்சிச் சந்தையில் அவர் வாங்கி வரும் காய்தான் அடுத்த சந்தை வரைக்கும். "எங்க பஸ்ஸுக்குக்கூட இத்தன கரெக்ட்டா டைம் இல்ல" என்று அப்பா கதவைப் பார்த்துச் சிரிப்பார். அம்மா சிரிக்க மாட்டாள்.

காரணம் என் தம்பி. மூன்று வயது, எலும்பும் தோலும். மலையில் உள்ள பிள்ளைகளை எல்லாம் எடை போட்டு, "ஏனுங்க, புள்ளைக்குச் சத்தா எதுவும் குடுக்கறதில்லீங்களா?" என்று மற்ற தாய்மார்களைக் கேட்கிற நர்ஸின் சொந்தப் பிள்ளை இரண்டு மாதமாக ஒரு கிராம்கூட ஏறவில்லை. "இந்த மாசமும் ஏறலைன்னா முள்ளுக்குறிச்சியில பெரியம்மா ஊட்டுல விட்டுர்றதுதான். எனக்கு வேற வழி தெரியல" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் திக்கென்றது. அவன் பெரிய இம்சைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக மலையை விட்டே அனுப்பிவிடுவதா?

அந்த மாதம் முதல்தான் பகலில் தம்பி பக்கத்து வீட்டு அத்தையிடம் இருந்தான். சொந்த அத்தை இல்லை. மலைக்காரர், காட்டில் சாமையும் மிளகும் போட்டிருந்தார். அட்டவணைப்படி சமைத்ததை அம்மா ஒரு டப்பாவில் வைத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து டப்பாவைத் திறந்து பார்த்து, காலியாக இருந்தால் அட்டவணையில் டிக் போடுவது என் வேலை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய உத்தியோகம்!

டப்பா தினமும் காலி. அங்கேதான் எனக்கு மண்டை குடைந்தது. அதே கேரட் சாதத்தை ராத்திரி ஊட்டினால் தூவென்று துப்புகிறவன், பகலில் மட்டும் எப்படி வழித்துச் சாப்பிடுகிறான்? ஒருவேளை கோழிக்குப் போடுகிறானோ? அத்தை வீட்டுக் கோழிகளின் அலகை எல்லாம் உற்றுப் பார்த்தேன். ஒன்றின் மூக்கிலும் பீட்ரூட் சிவப்பு இல்லை.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டு மத்தியானமே பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டே நேராக அத்தை வீட்டுக்கு ஓடினேன். உள்ளே தம்பி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பைப் பிசைந்து, முழங்கை வரை வழிய அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு எதிரே அத்தை, அம்மாவின் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பீட்ரூட் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அத்தை திருதிருவென்று விழித்தார். "என்ன பண்றது கண்ணு, சாமி அத வாயில வெக்க மாட்டேங்குது. நான் திங்கறதுதான் வேணுங்குது. சோத்தக் கொட்டவும் மனசு வரல. அம்மாகிட்டச் சொல்லிராத சாமி. வெடியால எந்திரிச்சு ஆக்கிக் குடுக்கறாங்க, கேட்டா மனசு ஒடஞ்சிரும்."

எனக்கும் ஒரு வாய் சாமைச் சோறு கிடைத்தது. வீட்டுக்கு வந்து வியாழக்கிழமைக்கு நேராக டிக் போட்டேன். டப்பா காலிதானே, அதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எடை போடும் நாள் வந்தது. அங்கன்வாடி உத்தரத்தில் தராசு தொங்கியது. அம்மா தம்பியைத் துணித் தொட்டிலில் உட்காரவைத்தாள். முள் நின்றது. அம்மா ஒருமுறை பார்த்தாள், நம்பாமல் இன்னொருமுறை பார்த்தாள். ஏறியிருந்தது! அவள் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? பையிலிருந்து அட்டவணையை எடுத்து, கூடியிருந்த பெண்கள் முன்னால் திங்கள் முதல் சனி வரை உரக்கப் படித்தாள். நான் போட்ட டிக்குகளையும் காட்டினாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"தெனமும் ஊட்டுனவங்க நீங்கதானுங்க. இதுல எது ரொம்பப் பிடிச்சுதுன்னு இவங்களுக்கும் சொல்லுங்க" என்று அத்தையைப் பார்த்துக் கேட்டாள்.

அத்தை கொஞ்சமும் தயங்கவில்லை. "எல்லாமே நல்லாத்தானுங்க இருக்குது நர்ஸம்மா. பீட்ரூட்டு சோத்துக்கு மட்டும் உப்பும் ஒறைப்பும் பத்தறதில்லீங்க."

அம்மா அத்தையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு அட்டவணையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க, போட்டுர்றேன்" என்றாள். நல்லவேளை, மாட்டிக்கொள்ளவில்லை என்று நான் பெருமூச்சு விட்டேன்.

அதன்பிறகு பெரியம்மா வீட்டுப் பேச்சையே அம்மா எடுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை சின்ன டப்பாவுக்குப் பதில் பெரிய டப்பாவை எடுத்தாள். சாதத்தை அழுத்தி நிரப்பி, ஓரத்தில் இரண்டு துண்டு எலுமிச்சை ஊறுகாயும் வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டால் மட்டும் வயிறு புண்ணாகும் என்பவள், மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊறுகாய் வைக்கிறாளே!

"அவனுக்கு எதுக்கும்மா இது?"

"இருக்கட்டும் கண்ணு" என்று மூடியை அழுத்தினாள். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

சாயங்காலம் ஊறுகாயின் கொட்டை மட்டும் கிடந்த டப்பாவைப் பார்த்துவிட்டு டிக் போட்டேன். அம்மாவை நினைத்தால் பாவமாக இருந்தது. இத்தனை படித்தும் என்ன, வீட்டில் நடப்பது ஒன்றும் தெரியாத அம்மா.