ஹமீது பாயின் புறாப் பூ

விடிந்ததும் அப்துல் ஹமீது பாய் குட்டைக்கரையில் குந்தி, உள்ளங்கையில் ஒரு வாய்த் தண்ணீர் அள்ளி, நாக்கில் உருட்டிப் பார்த்துத் துப்புகிறார். உப்பு ஏறியிருக்கிறதா என்று சோதனை. வரப்பில் மண்வெட்டியோடு நிற்கும் வைரக்கண்ணுவுக்கு அந்தத் துப்பலைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அந்தக் குட்டையிலிருந்து ஒரு கைத் தண்ணீர்கூட அவர் வயலுக்கு வராத வருஷம் ஒன்று உண்டு. எத்தனையோ மழை பெய்து போய்விட்டது. அது மட்டும் அவருக்கு ஆறவில்லை.

பேராவூரணிக்குக் கிழக்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடை. அந்த வருஷம் தலைமடையில் தண்ணீர் கரை தட்டிப் போனது. இங்கே வாய்க்காலில் நத்தை ஊர்ந்தது. பயிர் கதிர் தள்ளப் பொதி கட்டி நின்ற நேரம். ஒரு தண்ணீர் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும். போர்க் கிணற்றில் வருவதோ உப்பு. மழையில் பிடித்து வைத்த நல்ல தண்ணீர் பாயின் குட்டையில்தான் கிடந்தது. வைரக்கண்ணு ஆயில் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார்.

"தர்றதுக்கில்ல வைரம்," என்றார் பாய். "உங்க வயல்ல இத விட்டா பாதி வயல்கூட நனையாது. இந்தப் பூச்செடிங்களுக்கு அடுத்த மழை வரைக்கும் காணும்."

"ஊரு சனம் சோத்துக்கு நிக்கிது, நீங்க பூவுக்குத் தெளிக்கிறீங்க. ராத்திரிக்கு எதப் பாய் சாப்புடுறீங்க, பூவையா?"

பயிர் பதராகிப் போனது. தண்ணீர் வயலுக்குக் காணாது என்று பாய் சொன்னது சரிதான் என்பது வைரக்கண்ணுவுக்கும் தெரியும். தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. அந்த ரம்ஜானுக்குப் பாய் வீட்டிலிருந்து வந்த கஞ்சித் தூக்கை மூடி திறக்காமலே திருப்பி அனுப்பினார்.

பாய்க்கு அறுபதை ஒட்டிய வயது. கட்டம் போட்ட கைலி, தோள் கிழிந்த பனியன், காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை. செடி கட்டும் தேங்காய் மட்டையில் ஓட்டை போட வைத்திருக்கிறார். வாலிபத்தில் மலேசியா போனவர், ஜொகூரில் ஒரு சீனன் தோட்டத்தில் ஆர்க்கிட் வளர்க்கும் வேலை. திரும்பி வரும்போது மற்றவர்கள் கம்பளியும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்தார்கள். இவர் ஈரத்துணியில் சுற்றிக் குச்சி குச்சியாக எதையோ கொண்டுவந்தார். கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போன இடத்தில் பச்சை வலைக் கூடாரம் போட்டு, தேங்காய் மட்டைத் துண்டுகளில் அவற்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மண் கிடையாது. காற்றில் வேர் தொங்கும். பார்க்கிறவர்கள் முதலில் புல்லுருவி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் பாய்க்குக் கோபம் வரும்.

"புல்லுருவி மரத்த உறிஞ்சித் திங்கும். இது மரத்துல குந்தியிருக்கும், அவ்வளவுதான். மரத்துக்கிட்ட ஒண்ணும் கேக்காது."

"மரத்துக்கிட்ட கேக்காது, குட்டைக்கிட்ட கேக்கும்," என்பார் வைரக்கண்ணு.

எல்லாம் ஆர்க்கிட்டில் டென்ட்ரோபியம் என்ற ஒரே சாதி. ஆனால் வீட்டுக்கு வீடு குணம் வேறு என்பார் பாய். ஊதா நிறத்தில் சரம் சரமாகப் பூப்பது கல்யாண மேடைக்காரர்களுக்கு. பட்டுக்கோட்டையிலிருந்து வந்து வெட்டிப் போகிறார்கள். இன்னொன்று மார்கழியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சுள்ளியாகத் தொங்கும். "செத்துப்போச்சு பாய்," என்று வைரக்கண்ணு ஒருமுறை கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார். "சாவல வைரம். கோவிச்சுக்கிட்டு நிக்கிது. பங்குனில பாருங்க." பங்குனியில் அந்த மொட்டைச் சுள்ளி முழுக்கப் பூ. வைரக்கண்ணு அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு போனார்.

மூன்றாவது ஒன்று உண்டு. பாய் அதைப் 'புறா' என்பார். வெள்ளைப் பூ, பறக்கப் போகிற புறா மாதிரி இருக்கும். விற்க முடியாது; காலையில் விரிந்து சாயங்காலம் வாடிவிடும். அதுவும் நினைத்தபோது பூக்காது. வெயில் காய்ந்துகொண்டிருக்கையில் பெருமழை ஒன்று கொட்டிச் செடியின் உடம்பு சட்டென்று குளிர வேண்டும். அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் அந்த வட்டாரத்துப் புறா எல்லாம் ஒரே காலையில் விரியும். இந்தச் செடிகளை வைத்திருப்பது மனைவி கமருன்னிஸாவுக்காக. அந்த அம்மா பிறந்து வளர்ந்தது மலேசியாவில், தைப்பிங்கில். மழை விட்டு ஒரு வாரம் ஆனால் தெரு மரமெல்லாம் வெள்ளையாகிவிடும், பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் மணக்கும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். இந்தக் கடைமடையில் அது என்னவோ மொட்டு வைக்கும், வெம்பி உதிரும்.

போன வருஷம் கமருன்னிஸாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தஞ்சாவூருக்கும் வீட்டுக்குமாக அலைச்சல். ஒருநாள் மருந்து மயக்கத்தில், "ஏங்க, அந்தப் பூவ ஒருக்கா பாத்துட்டா தேவல," என்றார். அன்றிலிருந்து பாய்க்கு வேறு நினைப்பில்லை.

புரட்டாசி வெயிலில் ஒருநாள் அவர் அதிராம்பட்டினத்திலிருந்து மொபெட்டில் வந்தார். பின்னால் சாக்கில் சுற்றிய ஐஸ் பார், ரோடெல்லாம் ஒழுகிக்கொண்டு. வைரக்கண்ணு வழிமறித்தார்.

"என்ன பாய், மீன் வியாபாரமா?"

"மீனில்ல வைரம். மழ வாங்கிட்டு வர்றேன்."

கூடாரத்தில் ஐஸை உடைத்துச் செடிகளின் மேல் கொட்டினார், மழை வந்துவிட்டது என்று அவை நம்பட்டும் என்று. மீனுக்குப் போடுகிற ஐஸ். எந்தப் போர்த் தண்ணீரில் உறைந்ததோ, உப்பு. தினமும் நாக்கில் வைத்துப் பார்க்கிற மனுஷன் அன்று பார்க்க மறந்துவிட்டார். வேர் நுனியெல்லாம் கருகியது. பாதிச் செடி போயிற்று. கருகியதைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு பாய் உட்கார்ந்திருந்தார். வைரக்கண்ணு வரப்பிலிருந்து பார்த்தார். சந்தோஷம் வரும் என்று நினைத்தார். வரவில்லை.

தை பிறந்தது. வைரக்கண்ணுவின் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுவடை மிஷினுக்குச் சொல்லிவைத்து அது ஒரத்தநாட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்த சமயம், கமருன்னிஸாவுக்கு மூச்சு வாங்க, வேனில் ஏற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பிடித்தது மழை. பருவம் தப்பிய மழை. இரவும் பகலும் கொட்டி, கடைமடையை ஏரியாக்கிவிட்டு நின்றது. வாய்க்கால் வடியவில்லை. நெல் படுத்தது. படுத்த நெல் தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே வெள்ளை வெள்ளையாக முளைவிட்டது. வைரக்கண்ணு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கையால் அரித்து வரப்பில் போட்டார். போட்டதும் முளைத்தது.

ஒரு வாரம் கழித்து, ராத்திரி இருட்டில் கமருன்னிஸாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அடுத்த நாள் காலை வைரக்கண்ணு வயலில் குனிந்திருந்தபோது காற்றில் ஏதோ மணந்தது. அழுகல் வாடைக்கு மேலே, இனிப்பாக. கூடாரத்திலிருந்து பாய் கத்தினார்: "வைரம்! ஒரு கை பிடிங்க, சீக்கிரம்!"

போகக் கூடாது என்றுதான் நினைத்தார். கால் போய்விட்டது.

பிளாஸ்டிக் நாற்காலியோடு அந்த அம்மாவைத் தூக்கினார்கள். பாய் முன்னால், வைரக்கண்ணு பின்னால். ஒரு மூட்டை பஞ்சு கனம்கூட இல்லை. கூடாரத்துக்குள் வைத்தார்கள். ஐஸுக்குத் தப்பிய செடியெல்லாம் பூத்திருந்தது. தலைக்கு மேலே, கைக்குப் பக்கத்தில், வெள்ளை வெள்ளையாகப் புறாக்கள், இப்போது பறந்துவிடும் போல.

கமருன்னிஸா நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு பூவை மூக்கருகே இழுத்துப் பிடித்துக்கொண்டார். வீங்கிய முகத்தில் சின்னப் பிள்ளையின் சிரிப்பு ஒன்று வந்தது. பாய் காதிலிருந்த பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக நின்றார்.

அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"ஏங்க. இங்க மழ பேஞ்சிச்சா?"

பாய் வைரக்கண்ணுவைப் பார்த்தார்.

"இம்புட்டு பூத்திருக்குன்னா பெரிய மழயில்ல பேஞ்சிருக்கணும். எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே." மூச்சு வாங்கியது. "வேன்ல போறப்ப பாத்தேனே, வைரக்கண்ணு தம்பி நெல்லு அறுக்காம நின்னுச்சே. அது என்னங்க ஆச்சு? அந்தத் தம்பி ஏற்கனவே ஒரு தடவ காய விட்டுச்சு. இப்ப முங்கிப்போச்சா?"

வைரக்கண்ணு நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அந்த அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியாது. முழங்கால் வரை சேறும், விரலிடுக்கில் முளைவிட்ட நெல்லுமாக அவர் நின்றது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

"சொல்லுங்களேன். தம்பி எங்க? நானே கேக்குறேன்."

பாய் நாற்காலியைச் சுற்றிப் பின்னால் வந்தார். சேறு காயாத வைரக்கண்ணுவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

"அறுத்தாச்சுன்னு சொல்லுங்க வைரம்."