தந்தியின் மேல் வரி

வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். அதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரே ஒரு விஷயம் இருந்தது. தந்தி பார்ப்பதில் என்னை ஏமாற்ற முடியாது என்று திருச்சி கோர்ட் வளாகத்தில் பெயர் எடுத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் சென்னை ஹைகோர்ட்டில் தடை உத்தரவு வாங்கினால், அங்குள்ள வக்கீல் முதலில் நமக்குத் தந்திதான் கொடுப்பார். தந்தி கையில் வந்த நிமிஷம் குமாஸ்தா ஓட வேண்டும். ஏலம் நடந்துகொண்டிருக்கும், அல்லது ஜப்தி செய்ய வந்த அமீனா வீட்டுப் பூட்டை உடைத்துக்கொண்டிருப்பார். யோசிக்க நேரமில்லை. இதைத் தெரிந்துகொண்ட சில வழக்குக் கட்சிக்காரர்கள் தாங்களே பொய்த் தந்தி கொடுத்து ஏலத்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஆகவே தந்தியில் முதலில் பார்க்க வேண்டியது செய்தியை அல்ல, மேல் வரியை. எந்த ஊர் ஆபீஸில், எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று அதில் இருக்கும். சென்னைத் தடை உத்தரவு மணப்பாறையிலிருந்து வராது. "மேல் வரியைப் பாருய்யா" என்று எத்தனையோ குமாஸ்தாக்களை நான் திட்டியிருக்கிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு சர்க்கார் வக்கீலிடம். ஜில்லாவில் அரசாங்கத்தின் வழக்குகள் எல்லாம் அவர் கையில். புத்தூரில் வீடு, மாடியில் ஆபீஸ். ஐயா கண்டிப்பானவர், ஆனால் யாரையும் நீ என்று அழைத்ததில்லை. வழக்குக் கட்டுகளைப் படிக்கும்போது கையில் இரண்டு பென்சில் வைத்திருப்பார். எதிராளிக்குச் சாதகமான வரியின் கீழே சிவப்பு, நமக்குச் சாதகமான வரியின் கீழே நீலம். பக்கத்தில் படித்த தேதி. ஆபீஸில் எந்தக் காகிதத்தையும் கிழிக்கக் கூடாது என்பதும் அவர் விதி.

அவரிடம் ஒரு ஜூனியர் வக்கீல் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் குடியிருந்தார். நானும் ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோட்டில். தினமும் ஒரே பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவோம். என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார், பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது பொதுத் தேர்தல் நெருங்கியபோது ஐயாவுக்கு ஆசை வந்தது. ஆசையை அவருக்கு மூட்டியவர்கள் கோர்ட்டில் இருந்த நண்பர்கள். ஆளும் கட்சியில் நன்றாகப் படித்த வக்கீல்களுக்குப் பஞ்சம், சட்டசபைக்குப் போனால் சட்ட மந்திரி பதவி காத்திருக்கிறது என்று ஏற்றிவிட்டார்கள். தொகுதிக்குச் சீட்டுக் கேட்டு மூன்று பேர் கட்சியிடம் மனுக் கொடுத்தார்கள். ஒருவர் அரிசி மில் முதலாளி. ஒருவர் பொன்மலையில் ரயில்வே தொழிலாளிகளிடையே செல்வாக்குள்ளவர். மூன்றாமவர் எங்கள் ஐயா.

தேர்தலைவிட இந்த உள்சண்டை மோசமானது என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். தேர்தலில் எதிரி எதிரே நிற்பான். இங்கே எல்லோரும் ஒரே நிறத் துண்டு போட்டுக்கொண்டு ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னையிலிருந்து கட்சி மேலிடம் அனுப்பிய ஒருவர் டிராவலர்ஸ் பங்களாவில் தங்கி, ஒவ்வொருவர் ஆதரவாளர்களையும் தனித்தனியாகக் கேட்டார். எங்கள் பக்கத்தில் கோயில் ஊர் மிராசுதாரர்கள் வந்தார்கள், கத்தோலிக்கக் கல்லூரி ஆசிரியர்கள் இரண்டு பேர் வந்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது நம் முகத்தைப் பார்க்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சர்க்கார் வக்கீல் பதவியில் இருந்துகொண்டு தேர்தலில் நிற்க முடியாது. முதலில் ராஜினாமா செய்ய வேண்டும். சீட்டு கிடைப்பதற்கு முன்னால் ராஜினாமா செய்தால், கிடைக்காதபோது இரண்டும் போய்விடும். கிடைத்த பிறகு எழுதலாம் என்றால், ஐயா ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார், ஒரு தபால் தவறினாலும் நாள் போதாது. கடிதம் கலெக்டர் மூலமாகச் சென்னைக்குப் போய், ஏற்றுக்கொண்டதாக உத்தரவு வந்தால்தான் மனுத் தாக்கல்.

வழி சொன்னவர் ஜூனியர். "கடிதத்தை இப்பவே டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்டு வெச்சிடுங்க சார். தேதி மட்டும் வேண்டாம். அண்ணன்கிட்ட இருக்கட்டும். சீட்டுன்னு தந்தி வந்ததும் தேதி போட்டுக் கொடுத்துடுவார்" என்றார். எங்கள் தொழிலில் இது புதிதல்ல. வழக்குக்கு வரும் கட்சிக்காரர்களிடம் தேதியில்லாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது எல்லா ஆபீஸிலும் நடப்பதுதான். கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன்.

ஐயாவின் வீட்டம்மா மாடிக்கு வருவதே அபூர்வம். அன்று வந்தார். "இருக்கிறதைக் கையை விட்டு எழுதிக் கொடுத்துட்டு வராததுக்குக் காத்திருக்கணுமாங்க?" என்று கேட்டார். ஐயா சிரித்தார். "குமாஸ்தா கையில இருக்கிற வரைக்கும் அது என் கையில இருக்கிற மாதிரி" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அந்த வார்த்தையை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை. ஐயா காலையிலேயே திருவெள்ளறைக்குக் கிளம்பிவிட்டார். பெருமாள் சேவை, பிறகு அங்குள்ள விவசாயிகளோடு பேச்சு. போகும்போது என்னிடம் சொன்னார்: "இன்னிக்குத் தகவல் வந்தாலும் வரும். வந்தா எனக்காகக் காத்திருக்காதீங்க. மத்தியானத் தபாலை விட்டா நடுவுல ஞாயித்துக்கிழமை வந்துடும். கலெக்டரும் கேம்ப் போயிடுவார்." ஜூனியர் அன்று ஆபீஸுக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் தந்திச் சேவகரின் சைக்கிள் மணி கேட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். 'உங்கள் பெயர் முடிவாயிற்று. உடனே ராஜினாமா கொடுக்கவும். வாழ்த்துகள்.'

சந்தோஷத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மேசையில் டெலிபோன் இருந்தது. சென்னைக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டிருக்கலாம். கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகும், தபால் போய்விடும் என்று நினைத்தேன். உண்மையில் அதைக்கூட நினைக்கவில்லை. தந்தி வந்தால் ஓடுவது என் காலுக்குப் பழகிப்போன வேலை. ஓடினேன். கடிதத்தில் என் கையால் தேதி போட்டேன், ஒரு குதிரை வண்டி பிடித்தேன், கலெக்டர் ஆபீஸில் சேர்த்து முத்திரை வாங்கிக்கொண்டேன். மத்தியானத் தபாலில் அது போயிற்று. திரும்பி வரும் வழியில், மந்திரியின் குமாஸ்தாவுக்குச் சென்னையில் வீடு கிடைக்குமா என்று யோசித்தேன். வேறென்ன சொல்ல, அவ்வளவுதான் என் புத்தி.

நாலு மணிக்கு ஐயா வந்தார். தந்தி வந்ததைச் சொன்னேன். என் தோளில் கை வைத்தார். கீழே கேசரி கிளறினார்கள். தெருவில் நாலைந்து பேர் மாலையோடு வந்துவிட்டார்கள்.

ஆறரை மணிக்கு டெலிபோன் அடித்தது. சென்னையிலிருந்து ஐயாவின் பழைய சிநேகிதர். சீட்டு அரிசி மில் முதலாளிக்கு, இப்போதுதான் முடிவாயிற்று என்றார். ஐயா ரிசீவரை வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தந்தி எங்கே கொடுத்தது?"

என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அன்று முதல் முறையாக மேல் வரியைப் பார்த்தேன். ஸ்ரீரங்கம். காலை பத்து நாற்பது.

நான் படித்த வரி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன், முத்துமுத்தாக எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் பார்க்காமல் ஓடியிருக்கிறேன். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பயம் இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

"மெட்ராஸுங்க" என்றேன்.

அவர் கை நீட்டவில்லை. "சரி" என்றார். மாலை கொண்டுவந்தவர்கள் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். தந்தியைக் கிழித்துப்போட நினைத்தேன், ஆனால் அந்த ஆபீஸில் காகிதம் கிழித்துப் பழக்கமில்லை. ஐயாவின் தேர்தல் காகிதங்களைக் கட்டி வைத்திருந்த கட்டின் அடியில் செருகிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கம் தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். தந்தி குமாஸ்தா எனக்குத் தெரிந்தவர். நான் கேட்டு முடிப்பதற்குள், "உங்க ஆபீஸ் சின்ன வக்கீல்தானே கொடுத்தார்? ஐயாவுக்கு அவசரச் சேதின்னார். ஏன், போய்ச் சேரலையா?" என்றார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொன்னேன்.

பஸ்ஸில் ஜூனியர் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். உடம்பு தேறியிருந்தது. "ஐயா மனசு ஒடைஞ்சு போயிருப்பார் இல்லண்ணே?" என்றார். பாலம் முழுக்க நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியும் என்று. "அந்தத் தேதியைப் போட்டது யார் கையெழுத்துன்னு நாளைக்கு எவனாவது கேட்டா கஷ்டம்ணே. நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஏற்பு உத்தரவு செவ்வாய்க்கிழமைதான் வந்தது. சனி, ஞாயிறு, திங்கள், மூன்று முழு நாள். மோசடித் தந்தியை நம்பிக் கொடுத்த ராஜினாமா, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு மனு எழுதினால் போதும். அத்தாட்சி தந்தி. அது வந்ததற்கும் தேதி போட்டதற்கும் சாட்சி நான் ஒருவன்தான். மூன்று நாளும் நான் ஐயாவின் முன்னால் நின்று கட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. வந்தவர்களிடம் எல்லாம் அவர், "கட்சிக்காரங்க விளையாடிட்டாங்க" என்று சொன்னதை நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்துச் சர்க்கார் வக்கீலாக ஜூனியரை நியமித்து உத்தரவு வந்தது. ஐயா என்னைக் கூப்பிட்டார். "சர்க்கார் கட்டு எல்லாம் அங்கே போகுது. நீங்களும் அங்கேயே போயிடுங்க. நீங்க இருக்க வேண்டிய இடம் அதுதான்" என்றார். என் குடும்பத்தை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, வீட்டில் வந்து அழுதேன். அப்படிப்பட்ட மனிதர் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

நான் ஜூனியரிடம் வேலைக்குப் போனேன். அதன் பிறகு ஐயா கோர்ட்டுக்கு வருவது குறைந்தது. நாலு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, மாடியில் உள்ள கட்டுகளைப் பிரித்துக் கொடுக்க வீட்டம்மா என்னை வரச் சொன்னார். "கடைசி வரைக்கும் கட்சிக்காரன்தான் கெடுத்தான்னு சொல்லிக்கிட்டிருந்தார். உங்களைப் பத்தி மட்டும் யார் பேசினாலும் பேச்சை மாத்திடுவார். ஏனோ தெரியலை" என்றார்.

தேர்தல் கட்டைப் பிரித்தேன். நான் அடியில் செருகிய தந்தி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. ஸ்ரீரங்கம் என்ற சொல்லின் கீழே அடிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தது. நீலப் பென்சில். பக்கத்தில் தேதி, அந்தச் சனிக்கிழமை.

கையில் அத்தாட்சி இருக்கிறது, நமக்குச் சாதகம் என்று அன்றே குறித்திருக்கிறார். மூன்று நாள் வைத்திருந்து பயன்படுத்தவில்லை. பயன்படுத்தினால் என்னைக் கூப்பிட்டு, ஸ்ரீரங்கத்தை ஏன் மெட்ராஸ் என்றீர்கள் என்று கேட்க வேண்டும். ஆயுசு முழுக்கப் பிறரைக் கூண்டில் ஏற்றி அப்படிக் கேட்டவர் என்னைக் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

கட்டை மறுபடி கட்டும்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. அந்த ஆபீஸில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். தேதி போட்டவன் அதில் ஒருவன். பொய் சொன்னவனும் அவனே. தினமும் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். ஐயா அந்த வரியைப் பார்த்துவிட்டு யாரை நினைத்திருப்பார்? நீங்க இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று அவர் சொன்னது என்னவென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் அதில் கூட்டு இல்லை என்று சொல்லலாம் என்றால், கேட்க அவர் இல்லை.

தந்தியை வீட்டம்மாவிடம் காட்டவில்லை. கட்டோடு கட்டாக வைத்துவிட்டு இறங்கினேன். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு என் வீட்டு வாசலில் சர்க்கார் வக்கீலின் கார் வந்து நின்றது. அப்போதெல்லாம் அவர் காரில்தான் என்னைக் கூட்டிப்போவார். "ஏறுங்கண்ணே, நேரமாச்சு" என்றார். ஏறிக்கொண்டேன்.