ஒரு சாண் தூரத்து மூச்சு

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாகக் கண் பரிசோதனை செய்கிறேன். டார்ச் மாதிரி ஒரு கருவியை வைத்து ஒருவர் கண்ணுக்குள் பார்க்க வேண்டுமென்றால், அவர் வாயும் என் மூக்கும் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிடும். பல் டாக்டரிடம் போகிறவர்கள் நாலு தடவை வாய் கொப்பளித்துவிட்டுப் போகிறார்கள். கண்ணுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று, எங்களிடம் மட்டும் மத்தியானப் பூண்டுக் குழம்போடு நேராக வந்து உட்காருவார்கள்.

வந்த புதிதில் எல்லா நாற்றமும் ஒன்றுதான் என்று நினைத்தேன். போகப் போகத் தரம் பிரிக்க வந்துவிட்டது. பூண்டு பாவம், மறுநாள் போய்விடும். ஈறு வீங்கியவர்களின் வாய், ஒரு வாரம் தண்ணீர் மாற்றாத பூச்சாடி. ஏகாதசிப் பட்டினியோடு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு வாய் காய்ந்து ஒரு புளிப்பு வாடை வரும். அதையும் பக்தியில் சேர்த்துக்கொண்டு நன்றாக மூச்சு விடுவார்கள். சிகரெட்டை மறைக்கப் புதினா மிட்டாய் போடுகிறவர்களிடமிருந்து சிகரெட்டும் வரும், புதினாவும் வரும். காரணம் கேட்டால் அத்தனை பேரும் சொல்வது, "வயித்துச் சூடுங்க." நாக்கின் பின்பக்கம் வெள்ளையாகப் படிந்து கிடப்பதை ஒருவரும் வழிப்பதில்லை. பழி மட்டும் வயிற்றுக்கு.

போன வருஷம் ஒரு பாத்திரக்கடை முதலாளி வந்தார். அறுபதை நெருங்கும் வயது. உட்கார்ந்ததுமே சொற்பொழிவு தொடங்கியது.

"கிட்டப் படிக்க எனக்குக் கண்ணாடியே வேணாம்மா. எட்டு வருஷமா போட்டதக் கழட்டி வச்சுட்டேன். வெறும் வயித்துல தேன், எலுமிச்சம்பழம். அப்புறம் மூச்சுப் பயிற்சி."

"பின்ன எதுக்குங்க வந்தீங்க?"

"பஸ் போர்டுதான் கொஞ்சம் மங்கலாத் தெரியுது."

தூரத்துக்குக் கண்ணாடி கொடுத்தேன். பதினைந்தே நாளில் அது சரியில்லை என்று வந்தார். பவர் மாறியிருந்தது, வேறு கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது மறுபடியும் மாறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. பேச்சுக்கு நடுவில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தார். கண்ணைப் பார்க்கக் குனிந்தேன். அழுகத் தொடங்கிய பழமும் நகப்பாலிஷ் அழிக்கும் திரவமும் கலந்த வாடை அடித்தது. ரத்தத்தில் சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறினால் மூச்சில் இந்த வாடை வரும், பவரும் இப்படித்தான் ஆடும். கிட்டப் பார்வை திடீரென்று தெளிவதும் அதனால்தான். படிக்கும்போது சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"சார், சுகர் பாத்தீங்களா?"

"எங்க பரம்பரையிலேயே கிடையாது."

"மூச்சுல ஒரு மாதிரிப் பழ வாசனை வருதுங்க. தள்ளிப் போடாதீங்க, இன்னிக்கே போய்ப் பாத்துடுங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது. "நீங்க கண்ண மட்டும் பாருங்கம்மா," என்று எழுந்து வெளியே போனார். எங்கள் கடை முதலாளியிடம் என்ன சொன்னாரோ, சாயங்காலம் எனக்கு அழைப்பு வந்தது.

"பெரிய மனுஷர்மா அவரு. ஊர்ல பாதிப் பேரு அவர் சொல்லித்தான் நம்ம கடைக்கு வர்றாங்க. அவர் வாய் நாறுதுன்னு நீங்க சொல்லலாமா?"

"நாறுதுன்னு சொல்லலைங்க. சுகர் பாக்கச் சொன்னேன்."

"நாளைலேருந்து மூக்க வீட்டுல வச்சுட்டு வாங்க."

மறுநாள் என் மேஜைமேல் ஒரு டப்பா மாஸ்க் இருந்தது. அவமானமாகத்தான் இருந்தது. அன்றைக்கு எல்லார் வாய்க்கு எதிரேயும் மூச்சைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

பத்து நாள் கழித்துப் பாத்திரக்கடைக்காரரின் மனைவி தனியாக வந்தார். வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோதே அவர் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாராம். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்ததாம்.

"அந்த வாசன ரெண்டு மாசமா எனக்கும் வந்துச்சும்மா."

"சொல்லியிருக்கலாமேங்க?"

"சொன்னா கோச்சுப்பாரு. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன்."

முப்பது வருஷக் குடும்பம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தே ஒரு மனுஷரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஊசி ஒழுங்காகப் போடுகிறாரா என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

சர்க்கரை கட்டுக்குள் வந்தபிறகு அவரே வந்தார். இளைத்திருந்தார். பரிசோதனை முழுக்க என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய்க் காத்திருப்பவர்களுக்கு நடுவில் உட்கார்ந்ததும் குரல் பழையபடி திறந்துகொண்டது.

"வாய்ல பழ வாசன வந்தா சுகருன்னு அர்த்தம். எனக்கே சந்தேகம் வந்து, நானேதான் போய் டெஸ்ட் எடுத்தேன். இல்லேன்னா ஆளு காலி." பிறகு பக்கத்திலிருந்தவர் பக்கம் சாய்ந்து, "எங்க, கொஞ்சம் ஊதுங்க பாப்போம்," என்றார்.

அந்த மனிதர் எழுந்து, ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலிக்கு மாறிக்கொண்டார்.