விட்டுப்போன மாத்திரைகள்

படுக்கையறையிலிருந்து 'படக்' என்று ஒரு சத்தம். அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்கும் சத்தம். அடுப்பருகே நின்ற மனைவிக்கு உயிர் வந்தது. போட்டுக்கொண்டார். ஆனால் மறுபடியும் 'படக்'. மூன்றாவது சத்தத்தில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் கணவர் கட்டிங் மாஸ்டரின் உள்ளங்கையில் மாத்திரைகள் குவிந்திருந்தன.

"என்ன பண்றீங்க?"

"விட்டதையெல்லாம் சேர்த்துப் போட்டுடறேன்."

தையல் கம்பெனியில் அவர் வழக்கம் அதுதான். ஒரு நாள் வெட்டு குறைந்தால், மறுநாள் துணியை இரட்டை அடுக்காக விரித்து ஈடுகட்டிவிடுவார். உடம்பும் துணிதானே என்று நினைத்துவிட்டார், பாவம்.

போன வருடம் அவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். குளியல் இல்லை, பேச்சு இல்லை. அந்த மனச்சோர்விலிருந்து அவரை மீட்டு வந்தவை இந்த மாத்திரைகள். அவருடைய அக்கா விருந்தாட வருகிறாள் என்றதும் மனைவிதான் அவற்றை அரிசி டின்னுக்குள் ஒளித்தாள். வந்த அக்காவோ, "உன் கைப்பக்குவத்துலதான் என் தம்பி துரும்பாயிட்டான்" என்று சமையலறையையே பிடித்துக்கொண்டாள். நாலு நாளாக மாத்திரையை எடுக்க வழியில்லை. மாத்திரை நின்றதில் மாஸ்டருக்கு மண்டைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் அடித்தது. நேற்று கை நடுங்கி, கத்தி விரலைக் கீறிவிட்டது. இன்று அக்கா குளிக்கப் போன நேரத்தில்தான் மனைவி அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மனைவி அவர் கையைத் தட்டிவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"விட்டது விட்டதாவே இருக்கட்டும்மா. இப்ப ஒண்ணே ஒண்ணு. சேர்த்துப் போடவே கூடாது. நாளைக்கு நேர்ல கூட்டிட்டு வாங்க."

உருண்டோடிய மாத்திரை ஒன்று வாசற்படியில் நின்றது. அதன் அருகே ஈரத்தலையோடு அக்கா.

"அம்மா போனப்புறம் இடுப்புல சுமந்து வளர்த்தேனேடா. உனக்குப் பைத்தியக்கார மாத்திரையா? இவ கட்டின பட்டமா?"

"அவ இல்லன்னா நீ என்னை மாலை போட்ட படத்துலதான் பார்த்திருப்ப, அக்கா."

"இது இருக்கற வீட்டுல எனக்குச் சோறு இறங்காது. அதுவா, நானான்னு சொல்லு."

மாஸ்டர் ஒரே ஒரு மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியதை அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பையை எடுத்தாள்.

வாசலில் ஒரு முறை திரும்பினாள். தம்பி கூப்பிடுவான். அவன் கூப்பிடாமல் இருந்ததே கிடையாது.

"கூப்பிடுங்க" என்றாள் மனைவி, அழுகையை விழுங்கியபடி.

அவர் கதவுவரை போனார். படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது. கட்டுப் போட்ட விரலால் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, அதன்மேல் நெற்றியைச் சாய்த்து நின்றார்.