தவரூபனுக்கென்று வைத்த பெற்றோல்

சந்திரகுமார் அண்ணை எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால், நல்ல மனிசன் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குப் போய்விடுவேன். அவர் செய்த ஒரு காரியத்தை மூன்று மாதம் வாய்க்குள் வைத்திருந்த ஆள் நான். வெட்கப்பட வேண்டியவர் அவர் மட்டும் இல்லை.

சுவிசில், ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நாங்கள் இரண்டு பேரும் பதினாறு வருடமாக வேலை செய்கிறோம். அவர் பாத்திரம் கழுவும் மெசினடியில், நான் சலாட் வெட்டும் மேசையில். அவர் யாழ்ப்பாணம், சைவம். நான் மன்னார், வேதக்காரி. அண்ணை தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்தவர், வந்த நாளில் இருந்து ஊருக்கு அனுப்பியே தேய்ந்து போனவர். இரண்டு தங்கச்சிமாரின் கலியாணம், தகப்பனின் வைத்தியச் செலவு, பெண்சாதியின் தம்பி தவரூபன் ஓட்டோ எடுக்க முதற்காசு, எல்லாம் அந்த ஈரக் கையால் உழைத்ததுதான். தனக்கென்று ஒரு நல்ல சப்பாத்து வாங்க மாட்டார். எங்கள் சனம் அவரைக் கசவாரம், கஞ்சன் என்றது. மற்றவர்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் கடைசி வரிசையில் இருந்து சாப்பிட்டுவிட்டு, கடைசி ட்ராமைப் பிடித்து வந்துவிடுவார். அந்தக் கடைசி வரிசை அவரை எவ்வளவு அரித்திருக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவருக்கு ஒரே மகள், டிலக்ஷி. கொரோனாக் காலத்தில் பெரியபிள்ளையானவள். மண்டபங்கள் பூட்டிக் கிடந்ததால் சாமத்திய வீடு, அந்தப் பூப்பு நீராட்டு விழா, தள்ளிப்போனது. மண்டபங்கள் திறந்த பிறகு விலையைக் கேட்டு, இன்னும் தள்ளிப்போனது.

அப்போதுதான் இரண்டாயிரத்து இருபத்திரண்டு வந்தது. அந்தச் சித்திரையில், வாங்கின கடனைத் திருப்பிக் கட்ட வழியில்லை என்று இலங்கை கைவிரித்தது. வெளிநாட்டுக் காசு இல்லாததால் எரிபொருள் வாங்கவும் வழியில்லை. ஊருக்குப் போன் எடுத்தால் காஸ் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை, பெற்றோல் செட்டில் மூன்று நாள் வரிசை என்று ஒரே பாட்டு. நாங்களும் 'ஐயோ பாவம்' என்றுதான் சொன்னோம். சொல்லிவிட்டு என்ன செய்தோம் என்பதைத்தான் எழுதக் கூசுகிறது. இடைவேளையில் கோப்பியை வைத்துக்கொண்டு போனில் ரேட் பார்த்தோம். இருநூற்றுச் சொச்சம் ரூபாயாக இருந்த ஒரு சுவிஸ் பிராங், முந்நூறாகி, அதற்கும் மேலே ஏறிக்கொண்டு போனது.

"தங்கச்சி, இண்டைக்கு முந்நூற்றெழுபது," என்பார் சந்திரகுமார் அண்ணை. பதினாறு வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. இரண்டு நாட்டிலும் சின்னச் சம்பளக்காரனாக இருந்த மனிசன், ஒன்றும் செய்யாமல் நின்ற இடத்திலேயே பணக்காரனானார்.

அது பிழை என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அதே கிழமைதான் மன்னாரில் என் அப்பாவின் கல்லறைக்குக் கிரனைட் போடச் சொல்லியிருந்தேன். சீமெந்துக் கல்லறையில் அந்த மனிசன் இருபது வருடம் ஒரு குறையும் சொல்லாமல் கிடந்தவர்.

ஆடி விடுமுறைக்குத் தாய், தகப்பன், மகள் மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். பெரிய மண்டபம், அறுநூறு பேருக்குச் சாப்பாடு, தலைக்கு மேலே பறந்து படம் எடுக்க ட்ரோன், பிள்ளையை ஊர்வலமாகக் கொண்டுவரத் திறந்த கார். கடைசி வரிசையில் இருந்த முப்பது வருடத்தையும் ஒரே நாளில் தீர்த்துவிடுகிற நினைப்பு.

திரும்பி வந்தவர் ஆளே மாறிப்போயிருந்தார். ரேட் பார்ப்பதில்லை. முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆவணி கடைசியில் ஒரு நாள், தட்டுகளில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கைச் சுரண்டியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

சாமத்திய வீட்டில் தண்ணீர் வார்க்கத் தாய்மாமன் வேண்டும். பிள்ளைக்கு இருக்கிற ஒரே மாமன் தவரூபன். அண்ணையின் பெண்சாதி ஜெயகௌரி அக்காவுக்கும் தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு உலகத்தில் இருக்கிற ஒரே உடன்பிறப்பு அவன்தான். சடங்குக்கு முதல் நாள் அவன் ஓட்டோவோடு பெற்றோல் வரிசையில் நின்றான். மூன்றாவது நாள். முன்னுக்கு நாற்பது வாகனம்தான். ஓட்டோ ஓடினால்தான் அவன் வீட்டில் உலை.

"அத்தான், இப்ப விட்டிட்டு வந்தால் திரும்ப வாலிலதான் நிக்கோணும்," என்று போனில் சொல்லியிருக்கிறான்.

"நீ விட்டிட்டு வா. உனக்கு ஒரு பத்து லீட்டர் கானில எடுத்து வைச்சிருக்கிறன்," என்றிருக்கிறார் இவர். பொய் இல்லை. கறுப்புச் சந்தையில் வாங்கிய பெற்றோல் வீட்டில் இருந்தது. பிராங் வைத்திருந்தவர்களுக்கு அந்த நாளிலும் பெற்றோல் கிடைத்தது.

அவன் வரிசையை விட்டுவிட்டு வந்தான். அடுத்த நாள் ஊர்வலம் நன்றாகத்தான் போனது. ஆனால் வீடியோக்காரருக்கு வெயில் சரியாக விழவில்லையாம், இன்னொரு சுற்றுப் போனால் நல்லது என்றாராம். காரில் பெற்றோல் முடியும் தறுவாய். வீட்டில் இருந்தது அந்த ஒரு கான்தான்.

"பின்னேரத்துக்குள்ள வேற கான் எடுத்துக் குடுக்கலாமெண்டு நினைச்சன், தங்கச்சி. கிடைக்கேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. விடியவெள்ளன அவன் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் போயிட்டான். அஞ்சு நாள் நிண்டவனாம். நாங்கள் வெளிக்கிடேக்கையும் வரேல்லை. தம்பி ஏன் வரேல்லை எண்டு இவள் கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அடுத்த தட்டை மெசினுக்குள் வைத்தார். "எங்கட ஆடம்பரத்தைப் பாத்து எரிச்சல் எண்டு சொன்னன்."

அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கோ என்றேன். சொல்லுறன், சொல்லுறன் என்றார். நானும் அதோடு விட்டேன். ஆனால் ஜெயகௌரி அக்கா அந்தப் பொய்யை அப்படியே நம்பித் தம்பியோடு கதையை விட்டுவிட்டார். ஐப்பசியில் தமிழ்க் கடையில் கண்டபோது, கத்தரிக்காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே கண் கலங்கினார். "தூக்கி வளத்த தம்பி, றஞ்சினி. என்ர பிள்ளையின்ர நாளைப் பாத்து எரிஞ்சவனாம்," என்றார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "ஊராக்கள் அப்பிடித்தான் அக்கா," என்றேன் நான். இந்த வாயாலேதான் சொன்னேன்.

கார்த்திகை கடைசி ஞாயிறு. சாமத்திய வீட்டு வீடியோ வந்துவிட்டது என்று ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடி வீடு, சின்ன வரவேற்பறை முழுக்கக் கதிரை. ஜெயகௌரி அக்கா ரோல்ஸும் தேத்தண்ணியுமாக ஓடித் திரிந்தார். சந்திரகுமார் அண்ணை தன் வீட்டிலேயே கதவோரமாக, கடைசிக் கதிரையில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் கீழ்வீட்டுச் சுவிஸ் மனுசி தடியால் மேலே தட்டுவா. ஆனபடியால் டிலக்ஷி சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டுத்தான் வீடியோவைப் போட்டாள்.

முதலில் ட்ரோன் படம். தென்னை மரங்களுக்கு மேலால் வந்து, பூ வைத்த வெள்ளைக் காரைப் பிடித்தது. காருக்குள் பட்டுச் சேலையில் டிலக்ஷி. எல்லாரும் 'வடிவு, வடிவு' என்றோம். கார் சந்தி திரும்பியது. வீதியின் ஒரு கரை முழுக்க வாகனங்கள் வரிசையாக நின்றன. மோட்டார்சைக்கிள்கள், ஓட்டோக்கள், வெறுங்கானோடு சனம். குடையைப் பிடித்துக்கொண்டு தரையில் படுத்திருந்தவர்கள் எழும்பி ட்ரோனை அண்ணாந்து பார்த்தார்கள். வரிசை முடியவே இல்லை. அதன் பக்கத்தால் எங்கள் பிள்ளையின் கார் ஆறுதலாக, மெல்ல மெல்லப் போனது. வெட்டி ஒட்டினவன் அந்தச் சனத்தின் தலைக்கு மேலே ரோசாப்பூக்கள் விழுகிற மாதிரிச் செய்திருந்தான்.

வரவேற்பறையில் ரோல்ஸ் கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. டிலக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள். பதினைந்து வயதுப் பிள்ளை, இங்கே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இருந்த கூச்சம் பெரிய ஆட்கள் எங்களுக்கு அன்றைக்கு இருக்கவில்லையே என்று நினைத்தேன்.

அடுத்தது இரண்டாவது கமரா எடுத்த படம். கார் வீட்டு வாசலில் நிற்கிறது. சந்திரகுமார் அண்ணை வெள்ளைக் கானைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பட்டு வேட்டியோடு பக்கத்தில் நின்ற ஒரு மெலிந்த மனிசனிடம் புனலைக் கொடுக்கிறார். அந்த மனிசன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, புனலைக் காரில் வைத்துப் பிடிக்கிறார். பெற்றோல் ஊற்றப்படுகிறது. ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடிக்கிறார். முடிந்ததும் கமராவைக் கண்டு சிரிக்கிறார்.

அது தவரூபன். அவனே பிடித்தான் என்பதை சந்திரகுமார் அண்ணை எனக்குக்கூடச் சொல்லவில்லை.

"அப்பா," என்றாள் டிலக்ஷி. "அது மாமாக்கெண்டு வைச்ச பெற்றோல் எல்லோ? நீங்கள் ஃபோனில சொல்லேக்க நான் பக்கத்தில நிண்டனான்."

மெதுவாகத்தான் கேட்டாள். வீட்டில் சத்தம் குறைந்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"மாமாக்கு என்ன பெற்றோல்?" என்றார் ஜெயகௌரி அக்கா, கையில் தட்டத்தோடு. சந்திரகுமார் அண்ணை என்னைப் பார்த்தார். அதுதான் பிழையாகிப் போனது. அக்காவும் என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமோ, றஞ்சினி?"

"ஓம் அக்கா," என்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அழைப்பையும், கானையும், வரிசையையும் சொன்னேன். எரிச்சல் என்பது கட்டின கதை என்றும் சொன்னேன். கடையில் நான் சொன்ன வார்த்தையை அவர் நினைத்திருக்க வேண்டும். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தட்டத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்றபடி தம்பிக்குப் போன் எடுத்தார். அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் வேலைசெய்யத் தொடங்கியது. முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா! சுகமா இருக்கிறியளோ? பிள்ளை சுகமோ?" நாலு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல், அப்படி ஒரு சந்தோசம் அதில்.

"தவம், உனக்கெண்டு வைச்ச பெற்றோலைக் காருக்கு ஊத்தச் சொன்னது ஆர்?"

"நான்தான் அக்கா. பிள்ளையின்ர கார் நடு ரோட்டில நிண்டால் வடிவோ? அத்தான் வேண்டாமெண்டுதான் சொன்னவர்."

தப்ப வழி கிடைத்துவிட்டது. சும்மா இருந்திருந்தால் போதும், அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அதை நம்பியிருப்பார்கள். சந்திரகுமார் அண்ணை கதிரையை விட்டு எழும்பி வந்து போனை வாங்கினார்.

"பொய் சொல்லாத, தவம். உன்னட்டை ஒரு வார்த்தை கேக்காமல் நான்தான் எடுத்தனான். புனலையும் உன்ர கையிலதான் தந்தனான்."

"அத்தான், பக்கத்தில ஆக்கள் இருக்கினம் போல. பிறகு கதைப்பம்."

"இருக்கட்டும். நீ எரிச்சலில வரேல்லை எண்டு உன்ர அக்காட்டைச் சொன்னதும் நான்தான். நீ வரிசையில நிண்டது எனக்குத் தெரியும்."

தவரூபனுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அதுக்கோ அக்கா என்னோட கதைக்காமல் இருந்தவ?" என்றான் அவன். "நான் பிள்ளைக்குப் போட்ட மோதிரம் அரைப் பவுண்தானே. மாமன் போடுறதுக்கு அது காணாதெண்டு அக்காக்குக் கோவமாக்கும் எண்டெல்லோ நினைச்சன். என்ர மனிசியின்ர சங்கிலியை அழிச்சுப் பிள்ளைக்குப் பெரிசா ஒண்டு செய்யக் குடுத்தனான்."

"ஐயோ தவம், வேண்டாமடா," என்று ஜெயகௌரி அக்கா போனைப் பறித்தார். "நாளைக்கே போய்ச் செய்ய வேண்டாமெண்டு சொல்லு."

"நேற்றே செய்து எடுத்திட்டன் அக்கா," என்றான். "வடிவா இருக்கு."